நூற்றுக்கு எவ்வளவு? எதன் மீது?

 



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், நம் வத்தலக்குண்டு கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து அமர்ந்தார். தள்ளுபடிக் காலத்தில் விற்பதற்காக, உருப்படி 500 ரூபாய் வீதம் 240 உருப்படிகள் கொள்முதல் செய்திருக்கிறார். ஒவ்வொன்றின் மீதும் 40 சதவீதம் கூட்டி 700 ரூபாய் என்று விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார். கடை வாசலில் '30 சதவீதம் தள்ளுபடி' என்று பலகையும் வைத்திருக்கிறார். 180 உருப்படிகள் விற்றுவிட்டன. நாற்பதில் முப்பதைக் கழித்தால் பத்து சதவீதம், அதாவது உருப்படிக்கு 50 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் லாபம் நிற்க வேண்டும் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. ஆனால் கல்லாவை எண்ணிப் பார்த்தால் போட்ட முதலிலேயே 1,800 ரூபாய் குறைகிறது.

"ஹஜ்ரத், வேலைக்கு நிற்கும் பையன் மீது சந்தேகப்படுகிறேன். அவனிடம் கேட்டுவிடலாமா என்று உங்களிடம் ஆலோசனை கேட்க வந்தேன்" என்றார்.

சகோதரர்களே! அந்த ஏழைப் பையன் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. களவு நடந்த இடம் அந்தத் தாள்தான். 40 சதவீதம் கூட்டியது 500இன் மீது. அது 200 ரூபாய். 30 சதவீதம் கழித்தது 700இன் மீது. அது 210 ரூபாய். 200 ரூபாயைக் கூட்டி 210 ரூபாயைக் கழித்தால் உருப்படிக்குப் பத்து ரூபாய் நட்டம். 180 உருப்படிகளுக்கு 1,800 ரூபாய். கல்லாவில் குறைந்த தொகை அதுவேதான். ஒரு கணக்குத் தவறினால் ஒரு முஃமினின் மீது திருட்டுப் பழி விழ இருந்தது என்பதை நினைத்தபோது, இதை மிம்பரில் பேசினால் என்ன என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் லாப நட்டக் கணக்கில் இரண்டே விதிகள்தாம் அடிப்படை. லாபமும் நட்டமும் அடக்க விலையின் மீது கணக்கிடப்படும். தள்ளுபடி குறித்த விலையின் மீது கணக்கிடப்படும். இரண்டும் வெவ்வேறு தொகைகளின் பங்குகள் ஆதலால், ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கழிக்க இயலாது. 100 ரூபாய்ப் பொருளில் 20 சதவீதம் கூட்டினால் 120. அந்த 120இல் 20 சதவீதம் குறைத்தால் 24 போய் 96. ஏறியதும் இறங்கியதும் அதே இருபதுதான். ஆனால் நான்கு ரூபாய் காணாமற் போகிறது. சதவீதம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி 'எதன் மீது?' என்பதே.

அந்த இளைஞர் விரும்பியபடி 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தும் 10 சதவீதம் லாபம் நிற்க வேண்டுமானால் என்ன விலை குறித்திருக்க வேண்டும்? லாபத்தோடு கையில் வர வேண்டியது 550 ரூபாய். 30 பங்கைத் தள்ளிவிட்ட பின் மிஞ்சும் 70 பங்குதான் அந்த 550. ஆகவே 550ஐ எழுபதால் வகுத்து நூறால் பெருக்கினால் 785 ரூபாய் 71 காசு, முழு எண்ணாக 786. (இந்த எண்ணைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அது வகுத்தலில் வந்த விடை, அவ்வளவுதான் என்றேன்.) 786 என்று எழுதலாமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த 'எதன் மீது' என்ற கேள்வியை நம் முன்னோர்களான இமாம்கள் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து விவாதித்திருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில், அடக்க விலையை வாங்குபவரிடம் சொல்லி நடத்தும் வியாபாரத்திற்குத் தனிப் பாடமே உண்டு. அடக்க விலைக்கே கொடுப்பது தவ்லியா. அடக்க விலையோடு இவ்வளவு லாபம் என்று சொல்லிக் கொடுப்பது முராபஹா. அடக்கத்தில் இவ்வளவு குறைத்துக் கொடுப்பது வழீஆ, அல்லது முஹாத்தா. லாபம், நட்டம், தள்ளுபடி மூன்றும் இங்கே வந்துவிட்டன அல்லவா?

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் இந்தப் பாடத்தில் 'தஹ் யாஸ்தஹ்' என்ற பாரசீகச் சொற்றொடரைக் கையாள்கிறார்கள். தஹ் என்றால் பத்து. யாஸ்தஹ் என்றால் பதினொன்று. பத்து பதினொன்றாகும் லாபம் என்பது அன்றைய சந்தைப் பேச்சு. நம் பேச்சில் சொன்னால் நூற்றுக்குப் பத்து. 100க்கு வாங்கியவர் இந்த லாபத்தில் விற்றால் 110 வாங்குவார். இதில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் ஒருவர், 'நான் வாங்கிய விலையிலிருந்து தஹ் யாஸ்தஹ் குறைத்துத் தருகிறேன்' என்று சொன்னால் என்ன செய்வது? அவர் வாங்கியது 110 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதினொன்றிலும் ஒன்றைக் குறைக்க வேண்டும், ஆகவே 100 திர்ஹம் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முன்வைக்கும் கருத்து. ஒவ்வொரு பத்திலும் ஒன்றைக் குறைக்க வேண்டும், ஆகவே 99 திர்ஹம் என்று மற்றொரு கருத்தும் இருப்பதாக அங்கேயே எழுதியிருக்கிறார்கள். சொல் ஒன்று, விலை இரண்டு! பத்தைப் பதினொன்றாக்கியது லாபம் என்றால், பதினொன்றைத் திரும்பப் பத்தாக்குவதே அதற்கு நேரான குறைப்பு என்பது முதல் கருத்தின் நியாயம். நம் துணிக்கடைத் தம்பி தடுக்கி விழுந்த அதே இடத்தில் இமாம்கள் நின்று, குனிந்து, பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்து, அடக்க விலை என்றால் என்ன? வாங்கிய விலையா? இதிலும் நுணுக்கம் உண்டு. நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபீ மத்ஹபும் பெரும்பான்மையாக இருப்பதை அறிவீர்கள். ஹனஃபீ மத்ஹபின் பெருநூலான 'ஹிதாயா'வில், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள், துணியை வெளுத்த கூலி, சாயம் ஏற்றிய கூலி, தானியத்தைச் சுமந்து வந்த கூலி ஆகியவற்றை வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படிச் சேர்த்த பின், 'இவ்வளவுக்கு வாங்கினேன்' என்று சொல்லக் கூடாது, அது பொய்யாகிவிடும். 'எனக்கு இவ்வளவு ஆயிற்று' என்றே சொல்ல வேண்டும். நம் கடைக்காரர்கள் 'எனக்கே அடக்கம் இவ்வளவு' என்கிறார்களே, அந்தச் சொல் அதற்காகவே பிறந்தது போல் இருக்கிறது. மேய்ப்பவனின் கூலியையும் பொருளைப் பத்திரப்படுத்தி வைத்த அறையின் வாடகையையும் அந்நூல் சேர்க்க விடவில்லை. ஈரோட்டிலிருந்து துணி வந்த லாரி வாடகையை அடக்கத்தில் சேர்த்துச் சொல்லலாம். சரக்கு கிடக்கும் கிடங்கின் வாடகையைச் சேர்த்து 'அடக்கமே இவ்வளவு' என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அதை லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

அடக்கத்தைப் பொய்யாகச் சொல்லிவிட்டால்? 500 ரூபாய் அடக்கத்தை 600 என்று சொல்லி, பத்து சதவீத லாபம் வைத்து 660க்கு ஒருவர் முராபஹாவாக விற்றுவிட்டார். பின்னர் உண்மை வெளிப்பட்டது. வாங்கியவர் விரும்பினால் முழு விலைக்கே வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, பொய்யாகக் கூட்டிய 100 ரூபாயையும் அதற்கான லாபம் 10 ரூபாயையும் குறைத்து 550 ஆக்க வேண்டும் என்கிறார்கள். பொய்க்கு ஏறிய லாபத்தைக்கூடக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள் பாருங்கள்!

இனி நம் மலைக்கு வருவோம். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி முதலிய கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தை இந்தப் பூண்டுக்குப் பெயர் பெற்றது. பூண்டு வியாபாரத்தில் இறங்கும் புதியவர்கள் ஏமாறுவது காய்ச்சலில். நோயைச் சொல்லவில்லை, காய்ந்து எடை குறைவதைச் சொல்கிறேன். கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். கிலோ 300 வீதம் 100 கிலோ பச்சைப் பூண்டு 30,000 ரூபாய். ஏற்று இறக்குக் கூலியும் வண்டி வாடகையும் 600. காய்ந்த பின் கையில் நிற்பது 85 கிலோ. இப்போது அடக்கம் கிலோவுக்கு என்ன? 30,600ஐ 85ஆல் வகுத்தால் 360 ரூபாய். 'முந்நூறுக்கு வாங்கினேன், 15 சதவீதம் லாபம் போதும்' என்று 345க்கு விற்பவர் கிலோவுக்கு 15 ரூபாயைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். 85 கிலோவுக்கு 1,275 ரூபாய் நட்டம். அதே 15 சதவீதம் உண்மையாக வேண்டுமானால் 414க்கு விற்க வேண்டும்.

இந்த நட்டத்தைக் கண்டு பதறுபவரிடம்தான் ஷைத்தான் வந்து அமர்கிறான். சமவெளியில் விளைந்த பூண்டைக் கொஞ்சம் கலந்துவிடு, ஈரப் பூண்டை அடியில் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்பு என்கிறான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடிந்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். தானியம் நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்ததை விற்பதும் குற்றமன்று. அதை அடியில் வைத்ததே குற்றம். 360 அடக்கமான பூண்டை 414க்கு விற்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக எடையில் ஈரத்தை விற்பதுதான் வெட்கக்கேடு. அளவில் குறைப்பவர்களை எச்சரித்தே 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது என்பதை நாம் அறிவோம்.

லாபத்திற்கு ஷரீஅத் மேல்வரம்பு வைத்திருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். குறிப்பிட்ட சதவீதம் எதையும் விதிக்கவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பினார். அரைத் தீனாருக்கு வாங்கிய ஆடு ஒரு தீனாருக்குப் போயிருக்கிறது. நூற்றுக்கு நூறு லாபம்! அவரைக் கண்டிக்கவில்லை, அவர் வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். புகாரீயில் காணப்படும் செய்தி இது. அதற்காகப் பஞ்ச காலத்தில் பதுக்கி வைத்து விலை ஏற்றுவதற்கு இதை ஆதாரமாகக் கொண்டுவர வேண்டாம். பதுக்கலைத் தடுக்கும் ஹதீஸ்கள் வேறு இருக்கின்றன.

இப்போது சொல்லப்போவதுதான் இந்த உரையில் என் மனத்தை அதிகம் உறுத்தும் செய்தி. 'எதன் மீது' என்ற கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் துணிக்கடையில் போவது 1,800 ரூபாய். குடும்பங்களுக்குள் நடக்கும் கூட்டு வியாபாரத்தில் போவது ஹலால்.

துபாயிலோ சவூதியிலோ உழைத்துச் சேர்த்த 5 லட்சத்தை ஒரு சகோதரர் தம் மைத்துனரின் கடையில் போடுகிறார். 'மாதம் இரண்டு சதவீதம் லாபம் தந்துவிடுகிறேன்' என்று மைத்துனர் வாக்களிக்கிறார். இருவரும் தொழுகையாளிகள், வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குபவர்கள். ஆனால் எதன் மீது இரண்டு சதவீதம்? போட்ட முதலின் மீது. மாதம் 10,000 ரூபாய். கடையில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும், கடையே எரிந்து போனாலும் 10,000 ரூபாய். இதற்கு லாபம் என்று பெயர் வைத்தால் மட்டும் லாபமாகிவிடுமா? வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்திருப்பதாக அல்லாஹ் 2:275இல் அறிவிக்கும்போது, இரண்டும் ஒன்றே என வாதிட்டவர்களையும் அங்கே குறிப்பிடுகிறான்.

அதே இருவர் 'லாபத்தின் மீது நாற்பது சதவீதம்' என்று பேசியிருந்தால் அது முளாரபா. நபித்துவத்திற்கு முன் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலோடு ஷாம் தேசம் சென்று செய்த வியாபாரத்தின் வகை. ஒரு மாதம் லாபம் 30,000 என்றால் முதல் போட்டவருக்கு 12,000. அடுத்த மாதம் 12,000 என்றால் 4,800. லாபமே இல்லையென்றால் ஒன்றும் இல்லை. உழைப்பவரின் அசட்டையோ ஒப்பந்த மீறலோ இல்லாமல் நட்டம் வந்தால் அது முதலில் கழியும். உழைத்தவருக்குப் போவது அவர் உழைப்பு. மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, ஆண்டு முடிவில் உண்மையான லாபத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து நேர்செய்துகொள்ளலாம் என ஆலிம்கள் வழி காட்டியிருக்கிறார்கள். இதற்குக் கணக்கு எழுத வேண்டும். எழுதச் சோம்பல்பட்டே பலர் 'மாதம் இவ்வளவு' என்று முடித்துவிடுகிறார்கள். பணம் போட்டிருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே! இன்றிரவு வீட்டில் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குவோருக்கும் இரண்டொரு வார்த்தை. பெருநாள் துணி எடுக்கப் போகும்போது '50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்' என்ற பலகையைப் பார்த்து எழுபது சதவீதம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். 1,000 ரூபாய் முதலில் 500 ஆகும். அந்த 500இல் இருபது சதவீதம் 100. கொடுப்பது 400; தள்ளுபடி அறுபதுதான். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதத்திற்குச் சற்று அதிகம். அதுவும் மூன்றும் தேவையாக இருந்தால். ஒன்றே தேவைப்படுபவருக்கு அதில் தள்ளுபடி ஏதுமில்லை. பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் சென்று இந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் வராத ஆர்வம் தங்கள் சட்டைக்கு விலை போடும்போது வரும்.

இனி, 786 என்று விலைச்சீட்டு ஒட்டலாமா? பேரம் பேசி வாங்கும் சாதாரண வியாபாரத்தில் அடக்கத்தைச் சொல்லும் கடமை நமக்கு இல்லை. கேட்கும் விலையைக் கூட்டிக் கேட்பதும் பிறகு குறைப்பதும் இரு தரப்பின் சம்மதத்தோடு நடப்பவை. ஆனால் 'தள்ளுபடி' என்ற பலகை ஒரு செய்தியைச் சொல்கிறது. இந்தப் பொருள் நேற்றுவரை அந்த விலைக்கு விற்றது, இன்று குறைத்திருக்கிறேன் என்பதே அந்தச் செய்தி. நேற்றும் விற்கவில்லை, நாளையும் விற்கப் போவதில்லை என்றால் அது பொய்ச் செய்தி. வாங்கும் எண்ணம் இல்லாதவர் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை மயக்கும் 'நஜ்ஷ்' என்ற செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே ஓர் ஆள் நின்று செய்த வேலையை இங்கே ஒரு விலைச்சீட்டு செய்கிறது என்பது என் கருத்து. 550க்கு விற்க நினைப்பவர் 550 என்று எழுதட்டும். சென்ற பருவத்தில் மெய்யாகவே 700க்கு விற்ற சரக்கு தேங்கிவிட்டது, 490க்குத் தள்ளிவிடுகிறேன் என்றால் அது உண்மையான தள்ளுபடி; பலகை வைக்கத் தடையில்லை.

அந்த இளைஞர் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாக் கடையிலும் இப்படித்தானே ஹஜ்ரத் எழுதுகிறார்கள்? நான் மட்டும் 550 என்று எழுதினால் யார் உள்ளே வருவார்கள்?" என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரிந்தது. அதை நான் லேசாக எண்ணவில்லை. வாதத்தை வளர்க்காமல், அவர் கொண்டு வந்த தாளிலேயே அடுத்த கணக்கைத் தொடங்கினோம். அவருடைய ஜகாத் ஆண்டு நிறைவடையும் நாள் நெருங்கியிருந்தது. கடையில் மீதமிருந்தவை 60 உருப்படிகள். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கொடுக்கும்போது வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை. ஜகாத் கடமையாகும் நாளில் அந்தச் சரக்கு என்ன விலை பெறுமோ அதையே மதிப்பாகக் கொள்ள வேண்டும்.

"எந்த விலையை எழுதலாம் தம்பி?" என்றேன். "வாங்கியது 500. சீட்டில் இருப்பது 700."

"490தான் ஹஜ்ரத். 700க்கு யார் வாங்குவார்கள்?" என்று உடனே சொன்னவர், சொல்லிவிட்டுத் தாமே சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 60 உருப்படி, 490 வீதம், 29,400 ரூபாய். நாற்பதில் ஒரு பங்கு, 735 ரூபாய்.